முதல் பெரிய மீனுக்குப் போகிறீர்களா? முதலில் ரீலின் பிரேக்கை (டிராக்) அளந்து வையுங்கள்

நாங்கள் நான்கு நண்பர்கள். ஆழ்கடலுக்கு மூன்று முறை போனோம். முதல் முறை ஒன்றும் கடிக்கவில்லை, வாந்தி எடுத்ததுதான் மிச்சம். இரண்டாம் முறை கடித்தது, அறுத்துக்கொண்டு போனது. மூன்றாம் முறை 32 கிலோ மஞ்சள் துடுப்புச் சூரை ஒன்று படகுக்குள் வந்து விழுந்தது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு.

முடிச்சுப் போடுவது, ரீலில் நரம்பு சுற்றுவது, முள்ளில் இரை கோப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கரையிலிருந்து நாலு மீன் பிடித்தவருக்கு அதெல்லாம் கைவந்திருக்கும். கைவரவில்லை என்றாலும் கவலை வேண்டாம், வாடகைப் படகில் அதையெல்லாம் படகோட்டியே செய்து கொடுத்துவிடுவார்.

படி 1: ஏறுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

நண்பர்களோடு போவதில் பெரிய சண்டை எதற்கு வரும் தெரியுமா? "அது என் கோலில் கடித்தது" என்பதற்குத்தான். நாலைந்து கோல் ஒரே நேரத்தில் கடலில் ஓடும், எது யாருடையது என்று யார் கண்டது? கோலுக்குச் சொந்தம் கொண்டாடாதீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். கரையிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை முடிவு பண்ணுங்கள். முதலில் கடிப்பது முதல் ஆளுக்கு, எந்தக் கோலில் கடித்தாலும் சரி. மீன் தப்பினால் முறை போயிற்றா, இல்லையா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். எங்களுக்குள் "தப்பினால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும்" என்று சட்டம். அதற்கு முதல் பலி நான்தான்.

அதோடு வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் கோலைப் பிடிப்பார், இருவர் மற்ற நரம்புகளை உள்ளே இழுப்பார்கள், ஒருவர் படகோட்டி சொல்வதைக் கேட்டு நடப்பார். படம் எடுப்பதெல்லாம் நரம்புகள் உள்ளே வந்த பிறகு.

குமட்டல் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு, ஏறுவதற்கு முன்பே சாப்பிடுங்கள். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது. உள்ளே போய்ப் படுக்காமல் வெளியே நின்று அடிவானத்தைப் பாருங்கள்.

எந்த மீனைப் பிடிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற சட்டம் இடத்துக்கு இடம் மாறும். போகும் கடலுக்கு எது பொருந்தும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: சாமான்

முதல் பெரிய மீனுக்கு 50 பவுண்டு நரம்பு, லீவர் டிராக் வைத்த ரீல் (லீவரைத் தள்ளிப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வகை), குட்டையான தடித்த கோல், இடுப்பில் கட்டும் பெல்ட். இது போதும். பிரெய்டு, அதாவது இழைகளைப் பின்னிச் செய்த நரம்பு மெல்லியது, பலமானது என்று எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்குப் பிடிக்காது. பழகாத கை அவசரத்தில் அதைத் தொட்டால் தோலை அறுக்கும், கொஞ்சமும் நீண்டு கொடுக்காது. பழைய தங்கூஸ் நரம்பு ரப்பர் மாதிரி சற்று நீண்டு, நாம் செய்யும் தப்பைப் பொறுத்துக்கொள்ளும். முதல் தடவை நிறையத் தப்பு செய்வோம்.

ஸ்விவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழன்று கொடுக்கும் சின்ன இணைப்பு) வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உள்ளே பால்பேரிங் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மட்டமானது சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு முழுக்க முறுக்கேறும்.

படி 3: டிராக் (இங்கேதான் நான் விழுந்தேன்)

டிராக் என்பது ரீலின் பிரேக். மீன் ஒரு குறிப்பிட்ட பலத்துக்கு மேல் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும். இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் போனேன்.

இரண்டாம் பயணம், என் முறை. ரீல் கிர்ர்ரென்று அலறுகிறது. நரம்பு போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஸ்பூலின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அடி உலோகம் நரம்புக்கு இடையே மினுங்கத் தொடங்கியது. பின்னால் இருந்து ஒருவன், "டேய், காலியாகுது, இறுக்குடா!" என்றான். இறுக்கினேன். 'டப்' என்று ஒரு சத்தம். கோல் நிமிர்ந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படகோட்டி அண்ணன் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "தம்பி, லீவரை எங்கே வச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிரேக் ஸ்பூலைத் திருகிப் பிடிக்கும் பலம் மாறுவதில்லை. ஆனால் நரம்பு போகப் போக ஸ்பூலில் இருக்கும் சுற்றின் விட்டம் குறைகிறது. விட்டம் பாதியானால் அதே ஸ்பூலைச் சுழற்ற மீன் இரண்டு மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டும். நாம் லீவரைத் தொடவே இல்லை, பிரேக் தானாக இரட்டிப்பாகிவிட்டது! நிரம்பிய ஸ்பூலில் 7 கிலோவாக இருந்தது இப்போது 14 கிலோ. இதற்கு மேல், கடலுக்குள் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பு வளைந்து கிடக்கிறது, அதை நீருக்குள் இழுத்துப் போகும் பாரமும் சேர்கிறது. 50 பவுண்டு என்பது ஏறக்குறைய 22.7 கிலோ. மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் நான் இன்னும் இறுக்கினேன்.

ஸ்பூல் காலியாகும்போது செய்ய வேண்டியது நேர் எதிர். லீவரைச் சற்றுத் தளர்த்திவிட்டு, படகை மீன் பக்கம் திருப்பச் சொல்லிக் கத்துங்கள். நரம்பை மீட்டுத் தர வேண்டியது படகு.

சரி, எவ்வளவு வைக்க வேண்டும்? பலரும் பின்பற்றும் கணக்கு: நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள். 50 பவுண்டு நரம்புக்கு 7 கிலோவை ஒட்டி. கையால் இழுத்துப் பார்த்து "ம், இவ்வளவு இருக்கும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நான் அப்படிக் கையால் இழுத்துச் சொன்ன 7 கிலோவைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 11 கிலோ இருந்தது.

அளக்க ஒரு ஸ்பிரிங் தராசு போதும். கோலை அதன் பிடிமானத்தில் குத்தி நிறுத்துங்கள். ஸ்பூல் நிரம்பியிருக்க வேண்டும். நரம்பின் நுனியைத் தராசில் மாட்டி, கோல் வளையும்படி மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். ஸ்பூல் அசையத் தொடங்கும் நொடியில் தராசு முள் சற்று ஏறி இறங்கும். அதைப் பார்க்காதீர்கள், ஸ்பூல் சுழன்றுகொண்டிருக்கும்போது முள் நிற்கும் இடத்தைப் பாருங்கள். லீவர் ரீலில் 'ஸ்ட்ரைக்' என்று குறித்திருக்கும் நிலையில் இருக்கும்போது 7 கிலோ காட்ட வேண்டும். கூடவோ குறையவோ காட்டினால் லீவரை முழுவதும் பின்னால் இழுத்துவிட்டு, அப்புறம்தான் பிரேக் அளவை மாற்றும் சின்னத் திருகைத் திருப்ப வேண்டும். லீவர் முன்னால் இருக்கும்போது திருகைத் தொடவே கூடாது. திருகி, மறுபடி லீவரைத் தள்ளி, மறுபடி இழுத்துப் பாருங்கள். மூன்று முறை ஒரே எண் வந்தால் விடலாம்.

அதற்கப்புறம் மீன் கடித்த பின் லீவர் ஸ்ட்ரைக்குக்கு மேலே போகவே கூடாது. நான் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்தேன். பதற்றத்தில் கை போனால் தடுக்கட்டும் என்று.

படி 4: இரையை ஓட்டுவது

இது பெரும்பாலும் படகோட்டியின் வேலை, சுருக்கமாகச் சொல்கிறேன். பாவாடை வைத்த செயற்கை இரைகளை 6 முதல் 8 நாட் வேகத்தில் இழுப்பார்கள், மணிக்கு ஏறத்தாழ 11 முதல் 15 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் வேறு வேறு தூரத்தில் இருக்கும், இல்லாவிட்டால் திரும்பும்போது பின்னிக்கொள்ளும். நல்ல இரை தண்ணீருக்குள் முங்கி, பின்னால் வெள்ளைக் குமிழிக் கோடு விட்டு, நாலைந்து நொடிக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு வாங்கும். தண்ணீரை விட்டுத் துள்ளிப் புரண்டால் வேகம் அதிகம். குமிழியே வராமல் மந்தமாக வந்தால் பாசி மாட்டியிருக்கும், இழுத்துப் பாருங்கள்.

பறவைகள் கூட்டமாக இறங்கும் இடம், மிதக்கும் மரக்கட்டை, தண்ணீர் நிறம் மாறும் கோடு. இந்த மூன்றையும் கண்ணில் வைத்திருங்கள்.

படி 5: கடித்துவிட்டது

ரீல் அலறியதும் எல்லோரும் கோல் பக்கம் ஓடுவோம். ஓடாதீர்கள். படகோட்டி உடனே எஞ்சினை நிறுத்த மாட்டார், சில நொடி ஓட்டுவார். முள் நன்றாகப் பதியும், சூரை கூட்டமாக வரும் மீன் என்பதால் இன்னொன்றும் கடிக்கலாம். அதற்குள் முறைக்காரர் பெல்ட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் மிச்ச நரம்புகளை உள்ளே இழுக்க வேண்டும். இதில் சோம்பினால் உங்கள் மீன் மற்ற நரம்பில் சுற்றிக்கொண்டு அறுத்துப் போகும்.

கோல் கைக்கு வந்த பிறகு ஒரே தாளம்தான்: கோலை மெதுவாக உயர்த்து, இறக்கிக்கொண்டே சுற்று. பெரிய வீச்சு வேண்டாம், சின்னச் சின்னதாக. கோல் நுனி வானத்தைப் பார்க்கக் கூடாது, அப்படி உயர்த்தினால் கோலே ஒடியும். இறக்கும்போது நரம்பு ஒரு நொடியும் தொய்யக் கூடாது.

இங்கே யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. இந்த வகை ரீல்களில் நரம்பு தானாகப் பரவிச் சுற்றாது. இடது கட்டைவிரலால் நரம்பை இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் பயணத்தில் பத்து நிமிடம் மெய்ம்மறந்து சுற்றினேன். குனிந்து பார்த்தால் நரம்பு வலப்பக்கம் மட்டும் குன்று மாதிரி ஏறி, மேல் கம்பியில் உரசப் போகிறது. நல்லவேளையாக மீனே மறுபடி ஓடி அதைக் கலைத்துவிட்டது. அது ஓடாமல் இருந்திருந்தால் ரீல் சிக்கி நின்றிருக்கும்.

சூரை கடைசியில் படகுக்கு நேர் கீழே வட்டம் போடும். விலகிப் போகும் பாதி வட்டத்தில் சும்மா பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் பக்கம் வரும் பாதியில் மட்டும் சுற்றுங்கள். எனக்கு அந்த வட்டங்களிலேயே இருபது நிமிடம் போயிற்று. மயில் மீன், மார்லின் மாதிரி துள்ளும் மீன் என்றால், அது வானத்தில் இருக்கும்போது கோலை அதன் பக்கம் சாய்த்துக் கொடுங்கள். விழும்போது அதன் முழு எடையும் இறுக்கமான நரம்பில் விழக் கூடாது.

படி 6: படகருகே

ஸ்விவல் தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்துங்கள். லீடரை (ஸ்விவலுக்கும் முள்ளுக்கும் நடுவில் இருக்கும் தடித்த நரம்பு) பிடிப்பவர் கையுறை போட்டிருக்க வேண்டும். பழகியவர்தான் பிடிக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் நண்பர்கள் யாரும் கை நீட்டாதீர்கள், கையில் சுற்றிய லீடரோடு கடலுக்குள் இழுத்துச் செல்லப்படும் ஆபத்து உண்மையிலேயே உண்டு. தரையில் கிடக்கும் நரம்பு காலில் சுற்றாமல் பாருங்கள். கோல்காரர் இரண்டு அடி பின்னால் போய், மீன் உள்ளே வரும் வரை கோலை வளைத்தே வைத்திருக்க வேண்டும்.

மயில் மீன், மார்லின் மாதிரி அலகு உள்ள மீனை விட்டுவிடப் போகிறீர்கள் என்றால் படகுக்குள் தூக்காதீர்கள். தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி, படகை மெதுவாக முன்னால் ஓட்டி, வாய் வழியாக நீர் ஓடும்படி பிடித்து, அது தெளிந்ததும் விடுங்கள்.

சூரையை வைத்துக்கொள்வதென்றால் உடனே ரத்தத்தை வடித்து ஐஸில் புதையுங்கள். அதன் உடம்பு கடல்நீரைவிடச் சூடாக இருக்கும். வெயிலில் போட்டு வைத்தால் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஆகாத பொருள் உண்டாகிவிடும், அதைச் சமைத்தாலும் போகாது. படமெல்லாம் அப்புறம் எடுக்கலாம்.

பிற்சேர்க்கை 1: வட்ட முள்ளோடு போன ஒருவர், கடித்ததும் வெட்டி இழுத்தேன், மீன் போய்விட்டது என்று எழுதியிருந்தார். வட்ட முள்ளை வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும் வரை விட்டு, சுற்ற மட்டும் ஆரம்பியுங்கள், வாய் ஓரத்தில் அதுவே மாட்டிக்கொள்ளும்.

பிற்சேர்க்கை 2: ஸ்பின்னிங் ரீலில் முயன்ற இருவருக்கு நரம்பு சுருள் சுருளாக முறுக்கேறியதாம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு போகும்போது கைப்பிடியைச் சுற்றியிருப்பீர்கள். அந்த வகை ரீலில் அப்படிச் சுற்றினால் ஒரு அங்குலம்கூட வராது, முறுக்கு மட்டும் ஏறும். மீன் ஓடும்போது கை சும்மா இருக்கட்டும்.

பிற்சேர்க்கை 3: கை வலித்தால் கோலை நண்பனிடம் கொடுக்கலாமா? தாராளமாக. சாதனைக் கணக்கு மட்டும் போய்விடும். 1939இல் தொடங்கிய ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற சர்வதேச அமைப்பின் விதிப்படி, வேறு யாரும் கோலையோ ரீலையோ தொட்டால் அந்த மீன் சாதனைக்குச் சேராது. 1953இல் பெருவின் காபோ பிளாங்கோ கடலில் ஆல்ஃபிரட் கிளாசெல் 1,560 பவுண்டு கருப்பு மார்லினைப் பிடித்தாரே, அந்த மாதிரிக் கனவு இருந்தால் வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் 32 கிலோவுக்கு அந்தக் கவலை இல்லை, நானே இரண்டு முறை கை மாற்றினேன்.

பிற்சேர்க்கை 4: "போன தடவை 7 கிலோ வைத்தேன், இந்தத் தடவை விட்டு விட்டு இழுக்கிறது" என்று ஒரு கேள்வி. லீவரை முன்னால் தள்ளிய நிலையிலேயே ரீலை எடுத்து வைத்திருப்பீர்கள், உள்ளே இருக்கும் வட்டுகள் அழுந்திப் போயிருக்கும். கரை வந்ததும் லீவரை முழுவதும் பின்னால் இழுத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளிவிடும். அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் தராசை மறுபடி எடுங்கள். நான் டேப்பில் தேதியையும் கிலோவையும் எழுதி வைக்கிறேன்.