அமெரிக்காவுல ஜியாலஜிஸ்ட் லைசென்ஸ் வாங்குறது எப்படி? கலிஃபோர்னியாவ வச்சு ஒரு ஸ்டெப் பை ஸ்டெப்

ஊர்ல ஜியாலஜி முடிச்சுட்டு இங்க எம்.எஸ். பண்ண வர்ற தம்பி தங்கச்சிங்ககிட்டருந்து மாசத்துக்கு ஒரு மெசேஜாவது வந்துடுது, "அண்ணா பி.ஜி. எப்படி வாங்குறது?"ன்னு. நம்ம ஊர்ல பி.ஜி.ன்னா ஒண்ணு மேல்படிப்பு, இல்லன்னா பேயிங் கெஸ்ட் ரூம். இங்க அது புரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் ஒரே போஸ்டா போட்டுடலாம்னு.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடுறேன். யுபிஎஸ்சி நடத்துற ஜியோ சயின்டிஸ்ட் எக்ஸாம் வேலைக்கான பரீட்சை, பாஸ் பண்ணா ஜிஎஸ்ஐ-ல (இந்திய புவியியல் ஆய்வுத் துறை) வேலை. இது அப்படி இல்ல, பாஸ் பண்ணா யாரும் கூப்பிட்டு வேலை குடுக்க மாட்டாங்க. டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருக்குற மாதிரி "இந்த ரிப்போர்ட்டுக்கு நான் பொறுப்பு"ன்னு கையெழுத்து போட்டு சீல் குத்துற உரிமை, அவ்ளோதான். அதையும் மத்திய அரசு தர்றதில்ல, ஒவ்வொரு ஸ்டேட்டும் அதோட சொந்த சட்டப்படி தருது.

ஏன் இந்த கெடுபிடின்னா அதுக்கு ஒரு கதை இருக்கு. 1928 மார்ச்ல லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்க செயின்ட் ஃபிரான்சிஸ் அணை நடுராத்திரி உடைஞ்சு 400 பேருக்கு மேல செத்தாங்க. அணையோட ஒரு பக்கம் பழைய நிலச்சரிவு மேல உக்காந்திருந்தது கட்டினவங்களுக்கு தெரியல. அடுத்த வருஷமே சிவில் எஞ்சினியருக்கு லைசென்ஸ் வந்துடுச்சு, ஜியாலஜிஸ்ட்ட யாரும் கண்டுக்கல. அப்புறம் 1956ல அதே லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல போர்ச்சுகீஸ் பெண்ட்ங்கற இடத்துல மலைச்சரிவு நகர ஆரம்பிச்சு நூத்துக்கும் மேல வீடு போச்சு (அது இன்னும் நிக்கல, 2024ல அந்தப் பக்கம் கரன்ட்டையே கட் பண்ணாங்க). அதே 1956ல அரிசோனா ஜியாலஜிஸ்ட்டுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கொண்டு வந்துச்சு, கலிஃபோர்னியாவுல சட்டம் வர 1968 ஆயிடுச்சு.

ஸ்டெப் 1: எந்த ஸ்டேட்டுன்னு முடிவு பண்ணுங்க

முப்பது ஸ்டேட்டுக்கு மேல லைசென்ஸ் இருக்கு. கொலராடோ, ஒஹையோ, நியூ மெக்சிகோ மாதிரி சில ஸ்டேட்ல லைசென்ஸே கிடையாது. டெக்ஸஸ்ல இருக்கு, ஆனா எண்ணெய், கேஸ் தேடுற வேலை மட்டும் பண்றவங்களுக்கு சட்டமே விலக்கு குடுத்திருக்கு, அதனால ஹூஸ்டன்ல ஆயில் கம்பெனிக்குப் போற ஆளுக்கு இந்த போஸ்ட் பெருசா தேவப்படாது. நிலத்தடி நீர், மாசு சுத்தம் பண்றது, நிலச்சரிவு, ஃபால்ட் (நிலத்துல இருக்குற பிளவு) ஸ்டடின்னு கன்சல்டிங் பக்கம் போறவங்கதான் ஒக்காந்து படிக்கணும்.

இன்னொன்னு, ஏஐபிஜி-ன்னு ஒரு சங்கம் தர்ற சி.பி.ஜி. பட்டத்த லைசென்ஸ்னு நெனச்சு பணம் கட்டிடாதீங்க. அது நல்ல சர்டிஃபிகேட்தான், ஆனா லைசென்ஸ் கேக்குற ஸ்டேட்ல அத வச்சு சீல் குத்த முடியாது.

இனிமே சொல்றதெல்லாம் கலிஃபோர்னியா கணக்கு. இங்க எஞ்சினியர், சர்வேயர், ஜியாலஜிஸ்ட் மூணு பேருக்கும் சேர்த்து ஒரே போர்டுதான். சிட்டிசனா இருக்கணும்னு அவசியம் இல்ல.

ஸ்டெப் 2: மார்க் ஷீட்ட எண்ணுங்க

ஜியாலஜி மேஜரா டிகிரி இருக்கணும், இல்லன்னா ஜியாலஜி சம்பந்தப்பட்ட பேப்பர் 30 செமஸ்டர் யூனிட் வேணும், அதுல 24 மேல் வகுப்பு லெவல்ல (டிகிரியோட கடைசி வருஷங்கள், இல்ல எம்.எஸ்.) இருக்கணும். நம்ம ஊர் டிகிரின்னா அத இங்க இருக்குற ஒரு ஏஜென்சி மூலமா எவால்யுவேட் பண்ணி அனுப்பணும், மொத்த டிகிரிக்கு மட்டும் இல்லாம பேப்பர் வாரியா கேளுங்க. யுனிவர்சிட்டிலருந்து சீல் வச்ச டிரான்ஸ்கிரிப்ட் வரவைக்கிறதுதான் இதுல பெரிய தலைவலி, ஊர்ல இருக்கும்போதே ரெண்டு மூணு செட் வாங்கி வச்சுட்டு ஃப்ளைட் ஏறுங்க.

ஸ்டெப் 3: எஃப்.ஜி. எக்ஸாம், சூடு ஆறுறதுக்குள்ள

ஸ்டேட் போர்டுகளோட கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, ஆஸ்பாக்னு சொல்வாங்க, அவங்க ரெண்டு பரீட்சை வச்சிருக்காங்க. முதல் பேப்பர் ஃபண்டமெண்டல்ஸ் ஆஃப் ஜியாலஜி (எஃப்.ஜி.), ரெண்டாவது பிராக்டிஸ் ஆஃப் ஜியாலஜி (இதையும் பி.ஜி.ன்னுதான் சொல்வாங்க, லைசென்ஸோட குழப்பிக்காதீங்க). வருஷத்துக்கு ரெண்டு தடவ, இப்ப கம்ப்யூட்டர்லதான், எல்லாமே அப்ஜெக்டிவ்.

எஃப்.ஜி.ய படிப்பு முடிக்கிற நேரத்துலயே எழுதிடுங்க. மினரல், பாறை, ஸ்ட்ராட்டிகிராஃபி, ஸ்ட்ரக்ச்சர்னு மொத்தமும் வரும், வேலைக்குப் போய் ரெண்டு வருஷம் போர்வெல் லாக் மட்டும் எழுதிட்டிருந்தா ஃபெல்ட்ஸ்பார் வகை கூட மறந்துடும், என் அனுபவம். இத பாஸ் பண்ணா கலிஃபோர்னியாவுல ஜி.ஐ.டி., அதாவது ஜியாலஜிஸ்ட் இன் டிரெய்னிங்னு சர்டிஃபிகேட் வாங்கலாம், ரெஸ்யூமேல அது நல்லாவே பேசும்.

நம்ம பசங்க தியரில புலி, மேப்ப பாத்து கணக்கு போடுறதுல சொதப்புவாங்க. ஒரு சாம்பிள்: மூணு கிணறு, தண்ணி மட்டம் ஏ-ல 100 அடி, பி-ல 98, சி-ல 94, தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? ஏ-லருந்து சி-க்கு ஒரு கோடு போடுங்க, தூரம் 300 அடின்னு வச்சுக்குவோம். 300 அடில 6 அடி எறங்குது, அப்ப 98 அடி மட்டம் ஏ-லருந்து 100 அடில வரும். அந்தப் புள்ளியையும் பி-யையும் சேத்தா அதுதான் 98 அடி கான்டூர் (ஒரே மட்டத்துல இருக்குற புள்ளிகள சேக்குற கோடு), அதுக்கு செங்குத்தா தாழ்ந்த பக்கம், அதாவது சி இருக்குற பக்கம், ஒரு அம்புக்குறி போட்டா முடிஞ்சுது. இந்த மூணு புள்ளி கணக்கு, அப்புறம் தண்ணி நிலத்துக்குள்ள எவ்ளோ ஓடும்னு கணக்கு போடுற டார்சி விதி, சாய்வும் திசையும் குடுத்து பாறை எங்க வெளிய தெரியும்னு கேக்குறது, இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்.

ஸ்டெப் 4: அனுபவம், இங்கதான் எல்லாரும் மாட்றாங்க

மொத்தம் 5 வருஷம் கேக்குறாங்க, படிப்புக்கு கொஞ்சம் கழிச்சாலும் குறைஞ்சது 3 வருஷமாவது லைசென்ஸ் உள்ள ஜியாலஜிஸ்ட் இல்ல சிவில் எஞ்சினியர் மேற்பார்வையில வேலை பாத்திருக்கணும். "லைசென்ஸ் உள்ள"ங்கற வார்த்தைய நாலு தடவ படிங்க.

என் முதல் கம்பெனில என் மேனேஜர் கெட்டிக்கார மனுஷன், ஃபீல்டுல அவர்கிட்ட கத்துக்கிட்டத எந்த கிளாஸ்லயும் கத்துக்கல, ஆனா அவர்கிட்ட லைசென்ஸ் இல்ல, எனக்கு கேக்கணும்னு தோணவும் இல்ல. 14 மாசம் வெயில்ல நின்னு மண்ணு சாம்பிள் எடுத்தது அப்ளிகேஷன்ல பூஜ்யம். அதனால ஆஃபர் லெட்டர்ல சம்பளத்தப் பாக்குறதுக்கு முன்னாடி "எனக்கு சூப்பர்வைசர் யாரு, அவருக்கு லைசென்ஸ் இருக்கா"ன்னு கேளுங்க. போர்டு வெப்சைட்ல பேர் போட்டா லைசென்ஸ் உயிரோட இருக்கா இல்லையான்னு காட்டும். இது மரியாதைக் குறைவு இல்ல, இங்க எல்லாரும் பாக்குறதுதான். படிப்பு முடிச்சதும் ஸ்டூடன்ட் விசாவுலயே வேலை பாக்க விடுற ஸ்டெம் ஓபிடி மொத்தமே 3 வருஷம், அதுல ஒரு வருஷத்த என்ன மாதிரி கோட்ட விட்டுடாதீங்க.

முதல் நாள்லருந்து ஒரு எக்செல் ஷீட் வச்சுக்குங்க. ப்ராஜெக்ட் பேரு, எந்தத் தேதிலருந்து எந்தத் தேதி, நீங்க என்ன பண்ணீங்க, என்ன முடிவு எடுத்தீங்க, யார் சூப்பர்வைஸ் பண்ணாங்க, அவங்க லைசென்ஸ் நம்பர். "சாம்பிள் எடுத்தேன்"னு எழுதினா அது டெக்னீசியன் வேலை, "எங்க துளை போடணும்னு முடிவு பண்ணி மண் அடுக்குகள பிரிச்சு குறுக்குவெட்டு வரைஞ்சேன்"னு எழுதினாத்தான் ஜியாலஜி வேலை. உண்மையிலயே பண்ணத எழுதுங்க, ரெஃபரன்ஸ் ஃபார்ம்ல கையெழுத்து போடுறவர் தன் லைசென்ஸ அடகு வச்சுத்தான் போடுறார். அவர் கம்பெனி மாறினா பர்சனல் மெயில் ஐடி வாங்கி வச்சுக்குங்க, ரிட்டயர் ஆகி மீன் பிடிக்கப் போயிட்டா தேடிக் கண்டுபிடிக்கிறது பெரும்பாடு.

ஸ்டெப் 5: மிச்ச ரெண்டு பரீட்சை

பி.ஜி. பேப்பர், அதாவது பிராக்டிஸ் ஆஃப் ஜியாலஜி, வேலை பாத்தவங்களுக்கு எஃப்.ஜி.ய விட ஈசி, என்ன செய்வ, எத முதல்ல செய்வன்னு கேக்குற டைப். கலிஃபோர்னியா இதோட நிறுத்தாம தனக்குன்னு ஒரு பரீட்சை வச்சிருக்கு, சி.எஸ்.இ., அதாவது கலிஃபோர்னியா ஸ்பெசிஃபிக் எக்ஸாம். இந்த ஊர் ஃபால்ட், நிலநடுக்கம், இந்த ஊர் சட்டம். ஆல்க்விஸ்ட் பிரியோலோ சட்டம், 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்துக்கு அடுத்த வருஷம் வந்தது, கண்டிப்பா படிங்க: ஹோலோசீன்ல, அதாவது கடைசி 11,700 வருஷத்துல அசைஞ்ச ஃபால்ட் மேல மனுஷங்க குடியிருக்க கட்டிடம் கட்டக்கூடாது. 1990ல வந்த சீஸ்மிக் ஹசார்ட்ஸ் மேப்பிங் சட்டத்தையும் படிக்காம விட்டுடாதீங்க.

லைசென்ஸ் வர்ற வரைக்கும் விசிட்டிங் கார்டுலயோ லிங்க்ட்இன்லயோ "புரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட்"னு போட்டுடாதீங்க, சட்டப்படி குத்தம். "ஸ்டாஃப் ஜியாலஜிஸ்ட்"னு போட்டுக்கிட்டு லைசென்ஸ் உள்ளவருக்குக் கீழ வேலை பாக்குறதுல பிரச்சன இல்ல.

ஸ்டெப் 6: கைக்கு வந்ததுக்கப்புறம்

சீல் செஞ்சுக்கலாம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ரெனியூ பண்ணணும். நிலம் வாங்குறதுக்கு முன்னாடி மாசு இருக்கான்னு பாக்குற ஃபேஸ் ஒன் ரிப்போர்ட் இருக்கே, அதுல கையெழுத்து போட மத்திய அரசு விதி சொல்ற தகுதிகள்ல ஒண்ணு பி.ஜி. லைசென்ஸும் 3 வருஷ அனுபவமும், அதனாலயே கம்பெனிங்க சம்பளத்த ஏத்துவாங்க. சரிவு, அஸ்திவாரம் பக்கம் போகணும்னா மேல சி.இ.ஜி. (சர்டிஃபைட் எஞ்சினியரிங் ஜியாலஜிஸ்ட்), நிலத்தடி நீர்னா சி.எச்.ஜி. (சர்டிஃபைட் ஹைட்ரோஜியாலஜிஸ்ட்)ன்னு தனி சர்டிஃபிகேஷன் இருக்கு, அதுக்கும் இதே மாதிரி மேற்பார்வை அனுபவம் காட்டணும், ஸோ அந்த எக்செல்ல டிலீட் பண்ணிடாதீங்க. வேற ஸ்டேட்டுக்கு மாறினா ஆஸ்பாக் மார்க்க அங்க எடுத்துட்டுப் போகலாம், சி.எஸ்.இ. மட்டும் இங்கயே கெடக்கும்.

எவால்யுவேஷன்ல ஏதாவது பேப்பர ஜியாலஜி இல்லன்னு ஒதுக்கிட்டாங்கன்னா பழைய சிலபஸ் காப்பிய இணைச்சு திரும்ப கேட்டுப் பாருங்க, என் ஜியோகெமிஸ்ட்ரி பேப்பர் அப்படித்தான் திரும்பி வந்துச்சு.