கொமடோர் 64-ஐ வைஃபைல சேக்குறது எப்படி? (முதல் தடவை பண்றவங்களுக்கு)

1982-ல வந்த ஹோம் கம்ப்யூட்டர் கொமடோர் 64-க்கு வைஃபைனா என்னனே தெரியாது, ஆனா மோடம்னா நல்லாவே தெரியும். மெஷினுக்குப் பின்னாடி இருக்குற யூசர் போர்ட்ல சொருகுற வைஃபை மோடம் போர்டு இப்ப கிடைக்குது, அதுல இருக்குற ஈஎஸ்பி8266 சிப் ஒரு பக்கம் ரவுட்டரோட பேசும், இன்னொரு பக்கம் பழைய டெலிபோன் மோடம் மாதிரியே பதில் சொல்லும்.

மோடத்த சொருகுறதுக்கு முன்னாடி பவர் சப்ளைய பாருங்க, ப்ளீஸ். பழைய சப்ளைல உள்ள ரெகுலேட்டர் வயசாகி 5 வோல்ட்ட ஏத்தி விட்டுச்சுனா ராம் சிப் போயிரும். மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, 5.25-க்கு மேல காட்டுனா அத ஓரமா வச்சுட்டு புது சப்ளை வாங்குங்க.

அடுத்து மெஷின ஆஃப் பண்ணிட்டு போர்ட சொருகுங்க. மேல் பக்கம் எதுன்னு ரெண்டு தடவ பாருங்க, ஏன்னா அந்த போர்ட்ல 9 வோல்ட் ஏசியும் வருது, தலைகீழா போட்டா மோடம் காலி.

இப்ப ஒரு டெர்மினல் புரோகிராம் வேணும், அதாவது நாம அடிக்கிறத மோடத்துக்கு அனுப்பி, வர்ற பதில ஸ்க்ரீன்ல காட்டுறது. சிசிஜிஎம்எஸ் (CCGMS)-னு ஒண்ணு இருக்கு, அது போதும், ஃப்ளாப்பிலயோ எஸ்டி2ஐஈசிலயோ (ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலா எஸ்டி கார்டு போடுற கருவி) போட்டு லோட் பண்ணலாம். பாட் ரேட்ட (டேட்டா அனுப்புற வேகம்) 1200-ல வைங்க, அவசரப்பட்டு ஏத்தாதீங்க, இந்த மெஷின்ல சீரியலுக்குனு தனி சிப் கிடையாது, 1 மெகாஹெர்ட்ஸ் சிபியுவே ஒவ்வொரு பிட்டா எண்ணி அனுப்புது, 2400-க்கு மேல திணறும்.

ஏ டி (AT)-னு அடிச்சு ரிட்டர்ன் தட்டுனா ஓகேனு வரணும். 1981-ல ஹேஸ் ஸ்மார்ட்மோடம் கொண்டு வந்த அதே கட்டளைதான், இன்னும் ஓடுது! போர்டுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் (ஃபர்ம்வேர்) ஸிமோடமா இருந்தா ஏ டி டபிள்யூ (ATW)-னு அடிங்க, பக்கத்துல இருக்குற வைஃபை பேரெல்லாம் லிஸ்ட்டா வரும். அதே கட்டளைக்குப் பின்னாடி டபுள் கோட் போட்டு (ஷிஃப்ட்டும் 2-ம்), வைஃபை பேர், கமா, பாஸ்வேர்டு, திரும்ப டபுள் கோட்.

எனக்கு ரெண்டு நாள் போனது இந்த இடத்துலதான். பாஸ்வேர்டு சரியாத்தான் அடிச்சேன், கனெக்ட் ஆகவே இல்ல. காரணம் என்னன்னா டெர்மினல் பெட்ஸ்கி (கொமடோரோட சொந்த எழுத்துக் குறியீடு) மோடுல இருந்துச்சு, அதுல நாம அடிக்கிற சின்ன எழுத்து அந்தப் பக்கம் கேபிட்டலா போய்ச் சேருது. மத்த கம்ப்யூட்டர்ங்க பொதுவா பயன்படுத்துற ஆஸ்கி மோடுக்கு மாத்திட்டு அடிச்சேன், உடனே கனெக்ட் ஆயிருச்சு. ரவுட்டர்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆன்ல இருக்கணும், இந்த சிப்புக்கு 5 தெரியாது.

கனெக்ட் ஆனதும் ஏ டி, ஆம்பர்சண்ட், டபிள்யூ (AT&W)-னு அடிச்சு சேவ் பண்ணிருங்க, இல்லாட்டி ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேக்கும். அப்புறம் ஏ டி டி டி (ATDT)-னு போட்டு, டபுள் கோட்டுக்குள்ள ஏதாவது ஒரு பிபிஎஸ் (மோடம் வழியா உள்ள போய் மெசேஜ் படிக்கிற, போடுற இடம்) முகவரி, கோலன், போர்ட் நம்பர். 40 எழுத்து அகல ஸ்க்ரீன்ல வரி வரியா வர ஆரம்பிக்கும். குப்பையா வந்தா டெர்மினல்லயும் மோடத்துலயும் பாட் ரேட் ஒண்ணான்னு பாருங்க, படத்துக்குப் பதிலா கன்னாபின்னானு எழுத்து வந்தா திரும்ப பெட்ஸ்கிக்கு மாத்துங்க.