காய்ந்த தார்ச்சாலையில் 4எச் வேண்டாம்: பகுதிநேர நான்கு சக்கர இயக்கத்தைக் கையாளும் முறை

கொல்லிமலை ஏறும்போது தூறல் விழுந்ததால் என் மாருதி சுசுகி ஜிம்னியை, நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் 4எச் நிலையில் போட்டேன். தூறல் நின்று சாலை காய்ந்த பிறகும் அதை மாற்ற மறந்துவிட்டேன். அங்குள்ள 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைத் திரும்பும்போது ஸ்டீயரிங் கையை எதிர்த்துத் திமிறியது. டயர்கள் கீச்சிட்டு, வண்டி விட்டுவிட்டுத் துள்ளியது. மேலே நிறுத்தி, லீவரைப் பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை தரும் 2எச்-க்கு இழுத்தால், அது இம்மியும் அசையவில்லை. புதிதாக இத்தகைய வண்டி வாங்குவோருக்கு இந்த அனுபவம் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். ஜிம்னி போன்ற பகுதிநேர வகையில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் பற்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டவுடன், விசையை இரு அச்சுகளுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பிணைத்துவிடுகிறது. நடு டிஃபரன்ஷியல் உள்ள முழுநேர வகைக்கும், தேவைப்படும்போது தானாகவே விசையைப் பங்கிடும் ஏடபிள்யூடி (ஆல் வீல் டிரைவ்) வகைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது.

இப்பிணைப்பு ஏன் ஆபத்தாகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஜிம்னியின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.59 மீட்டர் இருக்கிறது. பின் அச்சின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் கால் வட்டம் திரும்பினால் அது கடக்கும் தூரம் 7.85 மீட்டர்; முன் அச்சின் நடுப்புள்ளியோ ஏறத்தாழ 8.85 மீட்டர் கடக்க வேண்டும். இந்த 1 மீட்டர் வித்தியாசம் சக்கரத்தின் கிட்டத்தட்ட அரைச் சுற்றுக்குச் சமம். மணலிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரிலோ கான்கிரீட்டிலோ டயர் எளிதில் வழுக்காததால், அந்த வித்தியாசம் முறுக்கமாக மாறி, அச்சுகளுக்கு விசையைக் கொண்டு செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளில் ஏறி, அவற்றின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட், டிரான்ஸ்ஃபர் கேஸின் சங்கிலி, டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் ஆகியவற்றை நெருக்குகிறது. ஒரே நாளில் எதுவும் உடையாமல் போகலாம். ஆனால் தேய்மானம் அன்றே தொடங்கிவிடுகிறது. வெறுமனே நனைந்த தார்ச்சாலையிலும் பிடிப்பு போதுமான அளவு இருப்பதால், மழையை மட்டும் காரணமாக வைத்து 4எச் போட வேண்டாம்.

அடுத்து, மண்பாதை தொடங்கும் இடத்தில், ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டு 4எச்-க்கு மாற்றுங்கள். தார் தொடங்கியதும் அதேபோல் நேராக ஓட்டியபடி 2எச்-க்குத் திரும்புங்கள். குறைந்த வேகத்தில் அதிக இழுவிசை தரும் 4எல் போடுவதற்கு மட்டும் வண்டியை முழுவதும் நிறுத்தி, கிளட்சை மிதித்திருக்க வேண்டும். 2எச்-க்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், டாஷ்போர்டில் 4டபிள்யூடி (நான்கு சக்கர இயக்க) விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள். நான் அன்று பார்க்கத் தவறியது அதைத்தான்.

லீவர் இறுகிக்கொண்டால் பலங்கொண்டு இழுக்காதீர்கள். பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்டீயரிங்கை நேராக்கி, சில மீட்டர் மெதுவாகப் பின்னோக்கிச் செலுத்தியபடி லீவரை 2எச் பக்கம் இலேசாக அழுத்துங்கள். அப்படியும் விடாவிட்டால், ஒரு பக்கச் சக்கரங்களைச் சாலையோர மண்ணில் இறக்கிச் சிறிது நகர்த்துங்கள். டயர் வழுக்கியதும் முறுக்கம் விடுபட்டு லீவர் தானாகவே இளகும். எனக்கு மண்ணில் இறக்கிய பிறகுதான் விட்டது.

கடைசியாக, நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் இருந்தால் சுற்றளவு மாறுபட்டு, நேர்ச்சாலையில் போகும்போதுகூட 4எச்-இல் முறுக்கம் ஏறும்.