‘முடியாது’ என்று சொல்லாமல் முடியாது என்று சொல்லும் இங்கிலீஷைப் படிப்பது எப்படி

கோர்ட் வாசலில் ஜாப் டைப்பிங் கடை போட்டு 22 வருடம் ஆகிறது. டைப்ரைட்டிங்கில் இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்தவள், அவ்வளவுதான். இலக்கணம் முறையாகப் படித்ததில்லை. ஆனால் ஒரு அலுவலகம் ‘கிடையாது’ என்பதை எப்படியெல்லாம் இங்கிலீஷில் சுற்றிச் சொல்லும் என்பது என் விரல்களுக்கு அத்துப்படி.

ஏப்ரலில் ஒரு பெரியவர் வந்தார். மத்திய அரசு ஓய்வூதியக்காரர். மனைவிக்கு நடந்த ஆபரேஷன் செலவைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து நீட்டி, “ஏம்மா, கன்சிடர்டுன்னு போட்டிருக்காங்களே, பணம் வந்துரும்ல?” என்றார்.

கடிதத்தில் இருந்தது ஒரே வாக்கியம்: “யுவர் ரெக்வெஸ்ட் ஹேஸ் பீன் கேர்ஃபுல்லி கன்சிடர்டு அண்ட் இட் இஸ் ரிக்ரெட்டட் தட் தி சேம் கேனாட் பி அக்ஸீடட் டு.”

ஒரு வாக்கியத்துக்குள் மூன்று செயப்பாட்டு வினை, இங்கிலீஷில் பாஸிவ். பரிசீலிக்கப்பட்டிருக்கிறது, வருந்தப்படுகிறது, ஏற்கப்பட முடியாது. பரிசீலித்தவர் யார், வருந்துகிறவர் யார், ஏற்க மறுத்தவர் யார்? ஒருவர் பேரும் இல்லை. “ஐயா, இல்லைன்னுட்டாங்க” என்றேன். அவர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான் எங்கேயோ தப்பாகப் படித்துவிட்டேன் என்பதுபோல.

இந்த மாதிரிக் கடிதம் கையில் வந்தால் முதலில் கடைசி வினைக்குப் போங்கள். ‘கேர்ஃபுல்லி கன்சிடர்டு’ எல்லாம் திண்ணை. வீட்டுக்குள் இருப்பது ‘கேனாட் பி’தான். ‘ரிக்ரெட்டட்’ என்றால் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அலுவலக இங்கிலீஷில் அந்தச் சொல் வந்தாலே பதில் ‘இல்லை’ என்று அர்த்தம்.

அடுத்து, ‘பை’ என்ற சின்னச் சொல்லைத் தேடுங்கள். யாரால் என்று சொல்லும் சொல் அது. பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ‘பை தி காம்பிடென்ட் அத்தாரிட்டி’ என்று இருக்கும், அதாவது தகுதியுள்ள அதிகாரி. அதுவும் ஆள் இல்லை, நாற்காலி. கையெழுத்துப் போட்டவர்தான் மறுத்தவர் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் கடிதத்தை ‘ஐ ஆம் டைரக்டட் டு சே’ என்று தொடங்கியிருப்பார். சொல்லும்படி நான் பணிக்கப்பட்டிருக்கிறேன் என்று அவரே பாஸிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்.

அப்புறம், எந்தச் சொல்லால் மறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இதில்தான் நிறையப் பேர் வீணாகக் கலங்கிப்போகிறார்கள். கோர்ட்டில் ‘ரிட்டர்ன்டு’ என்று போட்டால் பேப்பர் திரும்பி வந்திருக்கிறது, குறையைச் சரிசெய்து திரும்பப் போடலாம். ‘ரிஜெக்டட்’ என்றால்தான் தள்ளுபடி. ‘கேனாட் பி கன்சிடர்டு அட் திஸ் ஸ்டேஜ்’ என்றால் கதவு ஒருக்களித்திருக்கிறது. தபால் உறைமேல் போஸ்ட்மேன் ஒற்றைச் சொல்லாக ‘ரெஃப்யூஸ்டு’ என்று எழுதி வந்தால், எதிராளி வாங்க மறுத்தார் என்று பொருள். வாங்காவிட்டால் தப்பித்தோம் என்று பலர் நினைக்கிறார்கள். கோர்ட் பொதுவாக அதை நோட்டீஸ் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

இனி, நம் ஆட்கள் எழுதும்போது சறுக்கும் இடம். நானும் சறுக்கியிருக்கிறேன். கடை தொடங்கிய புதிதில் ‘ஹி டினைடு டு ரிசீவ் தி நோட்டீஸ்’ என்று அடித்துக் கொடுத்தேன். வக்கீல் சிவப்பு மையில் சுழித்து, “டினை வேற, ரெஃப்யூஸ் வேறம்மா” என்றார். தமிழில் இரண்டுக்கும் ‘மறுத்தார்’ என்ற ஒரே சொல் ஓடிவருவதால் வந்த வினை. ஒன்றைச் செய்ய மாட்டேன் என்றால் ‘ரெஃப்யூஸ்டு டு’. அப்படி நடக்கவே இல்லை என்றால் ‘டினைடு’. வாங்க மாட்டேன் என்றவர் ‘ரெஃப்யூஸ்டு டு ரிசீவ்’. வாங்கவே இல்லை என்று சாதிப்பவர் ‘டினைடு ரிசீவிங்’.

பாஸிவுக்கு வந்தால் இன்னொரு வித்தை. தமிழில் ‘அவருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டது’ என்போம். ஜாமீன்தான் எழுவாய், ஆள் ‘அவருக்கு’ என்று ஓரமாக நிற்பார். இங்கிலீஷ் அந்த ஆளையே தூக்கி முன்னால் உட்காரவைக்கும்: ‘ஹி வாஸ் டினைடு பெயில்’. ‘ஷி வாஸ் ரெஃப்யூஸ்டு அ வீசா’வும் அப்படித்தான். இதைத் தமிழில் ‘அவர் ஜாமீன் மறுக்கப்பட்டார்’ என்று யாராவது எழுதினால் எனக்குப் பல் கூசும். ஆனால் ‘ரிஜெக்ட்’ இந்த வித்தைக்கு வராது. ‘ஹி வாஸ் ரிஜெக்டட் தி லோன்’ தப்பு. ‘ஹிஸ் அப்ளிகேஷன் வாஸ் ரிஜெக்டட்’ என்றுதான் எழுத வேண்டும்.

பத்திரிகைத் தலைப்பில் ‘வாஸ்’ விழுந்துவிடும். ‘மினிஸ்டர் டினைஸ் சார்ஜஸ்’ என்றால் அமைச்சர் குற்றச்சாட்டை மறுக்கிறார். ‘மினிஸ்டர் டினைடு பெயில்’ என்றால் அமைச்சருக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. ஒரு எழுத்து வித்தியாசத்தில் ஆள் வெளியேயா உள்ளேயா என்பதே மாறிவிடும்.

பாஸிவ் என்றாலே ஆளை ஒளிக்கும் வேலை என்றும் சொல்லிவிட முடியாது. ரிட் மனுக்களில் நான் மாதம் நாலு தடவையாவது அடிக்கும் அரசியல் சாசனத்தையே பாருங்கள். 14ஆம் பிரிவில் ‘தி ஸ்டேட் ஷல் நாட் டினை’ என்று அரசைப் பேர் சொல்லிக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். 21ஆம் பிரிவு ‘நோ பெர்சன் ஷல் பி டிப்ரைவ்டு’, அதாவது யாரும் பறிகொடுக்கும்படி ஆகக் கூடாது, என்று பாஸிவுக்குத் திரும்பிவிடுகிறது. 22இல் கைதானவரைப் பற்றி ‘நார் ஷல் ஹி பி டினைடு’ என்று வருகிறது: தனக்குப் பிடித்த வக்கீலைக் கலந்துகொள்ளும் உரிமை அவருக்கு மறுக்கப்படக் கூடாது. பறிகொடுக்கக்கூடியவர் வாக்கியத்தின் முதலில் நிற்கிறார். அலுவலகக் கடிதம் அதிகாரியை மறைக்க எடுக்கும் அதே இலக்கணம் இங்கே சாமானியனை முன்னே கொண்டுவருகிறது.

சிவில் வழக்கில் பிரதிவாதி கொடுக்கும் எதிருரையில் (ரிட்டன் ஸ்டேட்மென்ட்) எதிர்தரப்பு சொன்னதை இல்லை என்பதற்கும் பாஸிவ்தான் வழக்கம். ‘தி அலிகேஷன்ஸ் இன் பாரா ஃபோர் ஆர் டினைடு அஸ் ஃபால்ஸ்.’ கூடவே ‘தி பிளெய்ன்டிஃப் இஸ் புட் டு ஸ்ட்ரிக்ட் ப்ரூஃப்’, அதாவது வழக்குப் போட்ட நீயே நிரூபி. ஆனால் ‘எல்லாம் மறுக்கப்படுகிறது’ என்று மொத்தமாக ஒரு வரி போட்டுவிட்டுப் போக முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 8ஆம் ஆணையின்படி ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு மறுக்க வேண்டும், மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். மழுப்பலும் செல்லாது. ஒரு தொகையை வாங்கினாய் என்று குற்றம் சாட்டினால், அந்தத் தொகையை வாங்கவில்லை என்பது போதாது. அதையோ அதில் ஒரு பகுதியையோ வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். 50,000 வாங்கவில்லை என்பவர் 40,000 வாங்கியிருக்கலாம் அல்லவா?

தமிழில் எழுதும்போது ‘மறுக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது’ என்று அடுக்க வேண்டியதில்லை. நமக்கு ஏற்கெனவே வேறு வழி இருக்கிறது. ‘லோன் கிடைக்கலை’, ‘சாங்ஷன் ஆகலை’ என்கிறோமே, அதிலும் மறுத்தவர் காணாமல்தான் போகிறார், பாஸிவே இல்லாமல்.

சரி, பெரியவருக்கு வருகிறேன். பாஸிவில் வந்த மறுப்புக்குப் பாஸிவிலேயே பதில் போட்டால் அது சுவரோடு பேசுவது. ‘ஹூ’ என்று தொடங்கும் கேள்வி வேண்டும். தகவல் உரிமைச் சட்டம், 2005இன் 4(1)(டி) பிரிவின்படி, பாதிக்கப்பட்டவருக்கு முடிவின் காரணத்தை அலுவலகம் சொல்லியாக வேண்டும். அதைக் குறிப்பிட்டு இரண்டே கேள்வி அடித்தேன்: இந்த முடிவை எடுத்த அதிகாரியின் பேரும் பதவியும் என்ன, எந்த விதியின் கீழ்? முடிவு எழுதப்பட்ட நோட் ஷீட்டின் நகலையும் கேட்டோம். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்துத் தபாலில் போட்டார். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்.

26ஆம் நாள் பதில் வந்தது. இதுவும் பாஸிவ்தான், ‘தி டிசிஷன் வாஸ் டேக்கன்’ என்று. ஆனால் இந்தத் தடவை அதன் பின்னால் ‘பை’ இருந்தது, ‘பை’க்குப் பின்னால் ஒரு பேர் இருந்தது, கீழே விதி எண்ணும் இருந்தது. அந்த விதி அவர் மனைவிக்கு நடந்த ஆபரேஷனுக்குப் பொருந்தவே பொருந்தாது. இப்போது அப்பீல் மெஷினில் இருக்கிறது. பெரியவர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.