போர்ட் ஸ்லோ என்று சொல்லுமுன் எத்தனை ஹெர்ட்ஸ் என்று பாருங்கள்

ஓணம் லீவுக்குக் கொழிஞ்சாம்பாறை வந்திருந்த அக்கா மகன் கடையில் காசு போட்டு ஆடிய பழைய ஆர்கேட் ஆட்டங்களையும், அவற்றை வீட்டுப் பெட்டிக்கென்று மாற்றி எழுதிய போர்ட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீடியோ எடுக்க ஆரம்பித்திருக்கிறான். போனை என் கையில் கொடுத்து, "மாமா, இந்த டாங்கி காங் சுத்த மோசமுங். ஆர்கேட்ல ஓடற ஓட்டமென்ன, இதுல நடக்கற நடையென்ன!" என்றான். எனக்குத் திக்கென்றது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் இதே ஆட்டத்தைப் பற்றி இதையேதான் நானும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு நான் செய்த தவறை இன்றைக்கு அவனும் அவனுடைய இரண்டு நண்பர்களும் அப்படியே செய்கிறார்கள்.

ஆர்கேட் படம் பளிச்சென்று இருக்கும், வீட்டுப் பெட்டியில் நிறம் குறையும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

50-ஆ, 60-ஆ?

நம் ஊர் பழைய டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை. 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோதே அப்படித்தான்: 625 கோடுகள், வினாடிக்கு 50 முறை (50 ஹெர்ட்ஸ்) திரை மாறும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் என்டிஎஸ்சி (NTSC) முறை: 525 கோடுகள், வினாடிக்குக் கிட்டத்தட்ட 60 முறை. அந்தக் காலத்து ஆட்டங்களில் பெரும்பாலானவைக்கு இந்தத் திரை மாற்றம்தான் கடிகாரம். டாங்கி காங்கில் திரை ஒரு தடவை மாறினால் மரியோ கொஞ்சம் நகர்வார், பீப்பாய் கொஞ்சம் உருளும், பாட்டு ஒரு துளி முன்னே போகும். 60-க்கென்று எழுதிய ஆட்டத்தை 50-ல் ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டியது 72 வினாடி எடுக்கும். ஆட்டத்தை எழுதியவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே எல்லாம் மந்தமாகிவிடுகிறது.

நாம் சின்ன வயதில் "டிவி கேம்" என்று ஆடியவற்றில் பெரும்பாலானவை நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீட்டு ஆட்டப் பெட்டியின் நகல் பெட்டிகள். பாலக்காட்டில் 1963-ல் தொடங்கிய பிபிஎல்லின் டிவிதான் எங்கள் வீட்டில். அதன் பின்னால் வயரைச் செருகி, மஞ்சள் கேசட்டை ஒரு ஊது ஊதிப் போட்டால் காண்ட்ரா வரும். நம் டிவியில் கலர் வர வேண்டும் என்பதற்காக அந்தப் பெட்டிகளை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் செய்தார்கள். கேசட்டுக்குள் இருந்த ஆட்டமோ ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதிய 60 ஹெர்ட்ஸ் சரக்கு.

இதில் ஆளை ஏமாற்றுகிற இடம் ஒன்று இருக்கிறது. நின்டெண்டோவே ஐரோப்பாவுக்குச் செய்த பால் பெட்டியில் சிபியுவின் வேகத்தையும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-க்குக் குறைத்திருந்தார்கள், ஒலியின் சுருதி அந்த வேகத்திலிருந்துதான் பிறக்கிறது என்பதால் 60-க்கு எழுதிய ஆட்டத்தை அதில் போட்டால் சுருதி ஒரு அரைச் சுரத்துக்கும் மேலே இறங்கிவிடும், கொஞ்சம் பாட்டுப் பழக்கம் உள்ள காது உடனே பிடித்துவிடும். நகல் பெட்டிகளில் பலவற்றில் சிபியு 1.77 மெகாஹெர்ட்ஸ். சுருதி கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும், தாளம் மட்டும் இழுக்கும். அதனால் கேட்கிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. "பாட்டு சரியாத்தானே இருக்கு, அப்போ ஆட்டம்தான் ஸ்லோ" என்று பழி நேராகப் போர்ட் எழுதியவர் தலையில் விழுந்துவிடும்.

என் தலையில் விழுந்தது இப்படி. பொள்ளாச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் நகல் பெட்டி ஒன்று வாங்கினேன். எட்டு மாதம், ஞாயிறு தவறாமல், ஆர்கேட்டிலிருந்து வந்த பதினெட்டு ஆட்டங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் எதிரி எவ்வளவு வேகம், குண்டு திரையைக் கடக்க எவ்வளவு நேரம் என்று கோடு போட்ட நோட்டில் எழுதினேன். கேலகா, பேக்-மேன், ஸீவியஸ், 1942, டாங்கி காங் என்று எல்லாமே ஆர்கேட்டை விட மந்தம் என்று வந்தது. "ஃபேமிகாமுக்கு ஆர்கேட்டின் வேகம் தாங்காது" என்று முடிவே எழுதிவிட்டேன். மச்சான் ஒருவர் நம்ப மறுத்தார், அவரோடு இரண்டு தீபாவளி சண்டை போட்டேன். அப்புறம் அவரை ஜெயிப்பதற்காகவே ஏழாயிரம் ரூபாய் கொடுத்து, அமெரிக்காவிலிருந்து வந்த அசல் பெட்டி ஒன்றைத் தெரிந்தவர் மூலம் வாங்கினேன். முதல் நாள் எங்கள் டிவியில் படம் கருப்பு வெள்ளையில் உருண்டது. என்டிஎஸ்சியும் எடுக்கிற இன்னொரு டிவியை இரவல் வாங்கிவந்து மாட்டி டாங்கி காங் போட்டேன். பீப்பாய்கள் இறங்கின வேகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆர்கேட்டில் இறங்குகிற மாதிரியே இறங்கின.

அந்த நோட்டில் இருந்த வேகக் கணக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம், எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வேறொரு நஷ்டமும் உண்டு. பதினெட்டும் மந்தம் என்று இருந்ததால் நிஜமாகவே மோசமான போர்ட் எது என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. 60-ல் திரும்ப ஆடிப் பார்த்தபோது கேலகா அருமையாக இருந்தது. 1942 அப்போதும் வெட்டி வெட்டித்தான் போனது. அந்த 1942-ஐ எழுதியது மைக்ரோனிக்ஸ் என்ற கம்பெனி, அதன் குறை முழுக்க போர்ட்டின் குறைதான். இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

படத்தின் உயரத்திலும் இதே கதைதான். பாலில் கோடுகள் அதிகம், ஆட்டம் தருகிற கோடுகள் அதே 224 அல்லது 240. மிச்ச இடத்தில் மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும், ஆட்களெல்லாம் அமுக்கிவிட்ட மாதிரி குள்ளமாகத் தெரிவார்கள். ஐரோப்பாவுக்கு வந்த பல 16-பிட் கேசட்டுகளில் இதைச் சரிசெய்யாமலே விற்றார்கள். "ஆர்கேட்டில் ஆள் உயரமா இருந்தானே" என்று எழுதுமுன் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, என்ன செய்வது? பழைய பெட்டியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் புரோகிராம் என்றால் செட்டிங்கில் பகுதி (ரீஜன்) என்டிஎஸ்சி என்று இருக்கிறதா பாருங்கள், "ஆட்டோ" என்று இருந்தால் நம்ப வேண்டாம், சில சமயம் கோப்பின் பெயரை வைத்தே அது முடிவு செய்துவிடும். நிஜப் பெட்டி என்றால் டைட்டில் பாட்டு எத்தனை வினாடி ஓடுகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் பிடியுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஓட்டத்தோடு வகுத்துப் பார்த்து 1.2 வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள், பெட்டியைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆர்கேட் என்றாலே 60 என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேக்-மேன் ஓடிய போர்டு, அதாவது மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட், 60.6 ஹெர்ட்ஸ். ஐரெம் கம்பெனி 1987-ல் ஆர்-டைப் ஆட்டத்தை ஓட்டிய போர்டு 55. மார்ட்டல் காம்பாட் 55-க்கும் ஒரு பிடி குறைவு. இவற்றை 60-ல் ஓடும் வீட்டுப் பெட்டியோடு ஒப்பிடும்போது கணக்கு வேறு.

30 பிரேம் வீடியோவை வைத்துத் தீர்ப்பு சொல்வது

அட்டாரி 2600-ன் பேக்-மேன், 1982. மொத்தம் 4 கேபி கேசட், பெட்டியில் 128 பைட் ராம். அதை எழுதிய டாட் ஃபிரை நான்கு பேய்களையும் ஒன்று மாற்றி ஒன்றாகக் காட்டினார், அதாவது ஒரு பிரேமுக்கு (திரை ஒரு தடவை மாறுவதற்கு) ஒரு பேய். பழைய குழாய் டிவியில் பார்த்தால் நான்கும் தெரியும், மினுக் மினுக் என்று. இதையே வினாடிக்கு 30 பிரேமில் பதிவு செய்தால் ஒன்றுவிட்டு ஒரு பிரேம்தான் பதிவாகும், இரண்டு பேய்கள் சுத்தமாகக் காணாமல் போய்விடும். அப்புறம் "இதில் பேயே இரண்டுதான்" என்று எழுதுகிறார்கள். மினுக்கலைக் குறை சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லலாம், அடுத்த வருடமே 8 கேபியில் வந்த மிஸ் பேக்-மேன் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அதே பெட்டியில் பார்க்கலாம். ஆனால் இல்லாத குறையை ஏற்றாதீர்கள். 60-ல் பதிவு செய்யுங்கள்.

முதல் மேடையோடு நிறுத்திக்கொள்வது

டாங்கி காங்கின் ஆர்கேட் திரை நின்ற வாக்கில் இருக்கும், டிவி படுத்த வாக்கில் இருக்கும். முதல் மேடையான 25 மீட்டரில் போர்ட் எழுதியவர் அந்த உயரத்தை எப்படி அடக்கினார் என்று பார்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் பெரிய வித்தியாசம் கண்ணில் படாது. ஆர்கேட்டில் 25, 50, 75, 100 மீட்டர் என்று நான்கு மேடைகள். கன்வேயர் பெல்ட் ஓடுகிற 50 மீட்டர் 1982-ல் வந்த கோலிகோவிஷன் பெட்டியிலும் இல்லை, 1983-ல் வந்த ஃபேமிகாமிலும் இல்லை. அட்டாரியின் 8-பிட் கம்ப்யூட்டர்களுக்கு வந்ததில் நான்கும் இருக்கின்றன. என் அக்கா மகன் எடுத்த வீடியோ நாற்பது வினாடி, அதற்குள் இது எங்கே தெரியும்?

டிப் சுவிட்ச்

ஆர்கேட் போர்டில் இருக்கும் இந்தச் சின்னச் சுவிட்சுகளால் உயிர், போனஸ், கஷ்டம் எல்லாம் கடைக்காரர் மாற்றிவைக்கலாம். கம்பெனி செட்டிங்கில் வைத்துவிட்டு ஆடுங்கள்.

ஒரே பெயர் என்பதால் ஒரே ஆட்டம் என்று நினைப்பது

நிஞ்சா காய்டன்: ஆர்கேட்டில் தெருச் சண்டை, நின்டெண்டோவில் தாவி ஏறும் ஆட்டம். இது போர்ட்டே இல்லை.

பட்டனை மறப்பது

ஹோம் கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் எல்லோரும் நிறத்தைத்தான் பேசுவார்கள். ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரில் 8-க்கு 8 புள்ளிக் கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறம், ஒருவன் இன்னொருவனைக் கடந்து போனால் நிறம் ஒட்டிக்கொள்ளும், அது உண்மைதான். என்னைக் கேட்டால் அதை விடப் பெரிய விஷயம் கையில் இருக்கிறது. கமடோர் 64-க்கும் அமிகாவுக்கும் வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒற்றை பட்டன் ஜாய்ஸ்டிக்கை நம்பி எழுதப்பட்டவை. ஆறு பட்டனில் ஆடிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐ ஒரே பட்டனில் அடக்க வேண்டும். உதைக்க வேண்டுமா, பட்டனோடு திசையைச் சேர்த்துத் தள்ளு. படத்தைப் பார்த்து "அமிகாவில் சூப்பர்" என்று எழுதினால் ஆடிப் பார்த்தவர் சிரிப்பார். செகாவின் மெகா டிரைவ் பெட்டியிலும் மூன்று பட்டன் பேட் வைத்து ஆடினால் குத்துக்கும் உதைக்கும் ஸ்டார்ட்டை அழுத்தி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஆறு பட்டன் பேட் கிடைத்தால் அதே கேசட் வேறு ஆட்டம் மாதிரி ஆகிவிடும். அதனால் எந்த பேடில் ஆடினீர்கள் என்றும் எழுதுங்கள்.

நியோ ஜியோ

இது கடை மெஷினாகவும் வீட்டுப் பெட்டியாகவும் வந்தது. ஒப்பிட வேண்டாம். கடையிலும் வீட்டிலும் ஓடியது ஒரே ஆட்டம்தான்.

ஆர்கேட்டின் குறையைப் போர்ட்டில் தேடுவது

டபுள் டிராகன் 1987-ல் கடையில் ஓடியபோதே, நாலைந்து பேர் திரைக்கு வந்தால் நீச்சல் அடிக்கிற மாதிரி மெதுவாகும். அது அசலிலேயே இருக்கிற குணம். நின்டெண்டோ போர்ட்டைத் திட்ட வேண்டுமென்றால் கதை மோடில் இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியாது என்பதற்குத் திட்டுங்கள். அதே ஆட்டம் செகாவின் மாஸ்டர் சிஸ்டம் பெட்டிக்கு வந்த போர்ட்டில் அது முடியும்.

அசல் மாதிரியே இருப்பதுதான் நல்ல போர்ட் என்று எடுத்துக்கொள்வது

கோனாமியின் காண்ட்ரா 1987-ல் ஆர்கேட்டில் வந்தது நின்ற திரையில். குறுகலான படம், பக்கவாட்டில் ஓடுகிற ஆட்டம், எதிரி பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படுவான். அடுத்த வருடம் வீட்டுக்கு வந்தபோது அகலமான டிவிக்கென்று மேடைகளையே நீட்டித் திரும்ப வரைந்தார்கள், கை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கிற மாதிரி ஆக்கினார்கள். நிறம் குறைந்தது, உருவம் சிறுத்தது, அசலிலிருந்து விலகியது நிறைய. ஒப்பீட்டு அட்டவணையில் போட்டால் அது ஒவ்வொரு வரியிலும் தோற்கும்.

லீவு முடிகிற முந்தின ராத்திரி அக்கா மகனிடம் இரண்டையும் கொடுத்தேன், வீட்டு காண்ட்ராவை 60-ல் வைத்துத்தான். ஆர்கேட்டை இரண்டு தடவை ஆடிவிட்டு வைத்தான். மற்றதை, "சாப்பிட வாடா" என்று அக்கா மூன்று தடவை கூப்பிட்டும், நீர்வீழ்ச்சி மேடை தாண்டும்வரை கீழே வைக்கவில்லை.