பல்ஸ் நின்னப்புறமும் பிளாஸ்மா மின்னுதா? மொதல்ல கேபிளப் பாருங்க

போன வாரம் இங்க பினாங்குல, மின்சாரத்த பல்ஸ் பல்ஸா குடுத்து ஆர்கான் வாயுவ பிளாஸ்மாவாக்கி உலோகப் படலம் படிய வைக்கற எங்க லேப்ல புதுசா சேந்த பொண்ணு ஓடி வந்து "அண்ணே, பல்ஸ் நின்னப்புறமும் ஆர்கான் மின்னிக்கிட்டே இருக்கு"ன்னு ஸ்கோப்ப (சிக்னல வளைவா காட்டற ஆசிலோஸ்கோப்) காட்டுச்சு, எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ரெண்டு மாசம் நான் நம்பி ஏமாந்த அதே வளைவு. லேப் லைட்ட அணைக்காதது, ஃபைபர சரியா சொருகாததெல்லாம் நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க, அத விடுங்க, பிளாஸ்மா வெளிச்சத்த அளக்கறப்ப ஈசியா ஏமாத்தற மத்த நாலு விஷயத்தச் சொல்றேன்.

ஸ்கோப்ப 1 மெகாஓம்ல விடுறது

வெளிச்சத்த மின் சிக்னலா மாத்தற ஃபோட்டோமல்டிப்ளையர் குடுக்கறது கரண்ட். ஸ்கோப்போட இன்புட் ரெசிஸ்டன்ஸ 50 ஓம்ல போட்டா சிக்னல் எறும்பு, 1 மெகாஓம்ல போட்டா யானை, அதனால எல்லாரும் யானையத்தான் பிடிக்கறாங்க. ஆனா சாதாரண கோஆக்ஸ் கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் கிட்ட இருக்கும், மூணு மீட்டர்னா 300, அத 1 மெகாஓமோட பெருக்குனா 300 மைக்ரோசெகண்ட், வெளிச்சம் நின்னாலும் சிக்னல் அந்த அளவு நேரம் வால் மாதிரி இழுத்துக்கிட்டுதான் இறங்கும், நாங்க டைட்டானியம் டார்கெட்டுக்கு (படலத்துக்கு உலோகம் குடுக்கற தகடு) குடுக்கற ஹிப்பிம்ஸ் (அதிக பவர் பல்ஸ் ஸ்பட்டரிங்) பல்ஸே 100 மைக்ரோசெகண்ட்தான் லா! பிரஷர மாத்துனேன், பவர மாத்துனேன், அந்த வால் அசையவே இல்ல, அப்பவாவது உறைச்சிருக்கணும். உறைக்கல. மெட்டாஸ்டேபிள் ஆர்கான்னு (சக்திய ரொம்ப நேரம் புடிச்சு வச்சிருக்கற அணு) கத கட்டி போஸ்டரே எழுத ஆரம்பிச்சிட்டேன். டெக்னீஷியன் அங்கிள் ஒருத்தர் பேசாம ஒரு மீட்டர் கேபிள் போட்டாரு, வால் மூணுல ஒரு பங்காச்சு. "கேபிள மாத்துனா பிளாஸ்மா மாறுமா தம்பி?"ன்னு கேட்டாரு பாருங்க, இன்னும் காதுல கேக்குது.

ஆர்கானோட 750.4 நானோமீட்டர் கோடு (அந்த அலைநீளத்துல வர்ற வெளிச்சம்) சாதாரண ஆர்கான் அணுவுலேர்ந்து வரணும்னா எலக்ட்ரான்கிட்ட 13.5 எலக்ட்ரான்வோல்ட்டாவது இருக்கணும், பல்ஸ் நின்னா அவ்ளோ சூடான எலக்ட்ரான் சீக்கிரமே காலி. அப்புறம் அந்தக் கோடு மட்டும் எப்படி நிக்கும்? 50 ஓம்ல சிக்னல் பத்தலன்னா 1 கிலோஓம் போடுங்க, அதே மூணு மீட்டர் கேபிளுக்கு 0.3 மைக்ரோசெகண்ட்தான், இந்த வேலைக்குத் தாராளம்.

ஜன்னல் கண்ணாடி

படலம் சாம்பிள்ல மட்டுமா படியும்? வெளிச்சம் வெளிய வர்ற ஜன்னல்லயும்தான். டைட்டானியம் கோடு நாளுக்கு நாள் கொறஞ்சா டார்கெட்டத் திட்டாதீங்க, கண்ணாடியக் கழட்டிப் பாருங்க.

670 பக்கம் பேர் தெரியாத கோடு

335 நானோமீட்டர்ல இருக்கற டைட்டானியம் அயன் கோடு, ஸ்பெக்ட்ரோமீட்டர்ல ரெண்டு மடங்கு அலைநீளத்துலயும் தெரியற ரெண்டாவது ஆர்டரா இருக்கலாம். 335ஐத் தடுக்கற ஃபில்டர் போட்டுப் பாருங்க.

656.3ல ஹைட்ரஜன்

மழ பெய்யறப்ப சேம்பரத் தொறந்து வச்சிட்டு இதப் பாத்துக் குதிக்கக்கூடாது. நம்ம ஊர் ஈரம்தான் சேம்பர் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்தத் தண்ணியோட ஹைட்ரஜன்தான் இது. பம்ப் ராத்திரி முழுக்க ஓடட்டும், நீங்க போய் நாசி கண்டார் சாப்பிடுங்க.