சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு ஆர்டர் பின்னாடியே நடந்து பாருங்க

திருப்பூர்லயோ கோயமுத்தூர்லயோ ரெண்டு மூணு பேர் சேந்து புதுசா கம்பெனி ஆரம்பிச்சா, மொத மாசமே யாராச்சும் வந்து இந்த சாஃப்ட்வேர் எடுங்க அந்த ஆப் போடுங்கன்னு சொல்லிருவாங்க, டெமோல எல்லாமே நல்லாத்தாங்க இருக்கும், ஆனா கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா பில்லு ஒரு எடத்துல, ஸ்டாக்கு ஒரு எடத்துல, கஸ்டமர் நம்பர் யாரோ ஒருத்தர் போன்லன்னு கெடக்கும். அதனால எது பெரிய சாஃப்ட்வேர்னு தேடாதீங்க. நம்ம தொழில்ல தகவல் எங்க தொலையுதுன்னு பாத்து அங்க மட்டும் டூல் போடுங்க. சொந்தமா டீ ஷர்ட் பிராண்டு வெச்சு ஆன்லைன்லயும் கடைகளுக்கும் விக்கற ஒரு சின்ன டீம எடுத்துக்கிட்டு சொல்றேன், உங்க தொழில் வேறன்னாலும் வழி இதேதான்.

படி 1: நோட்டும் பேனாவும்

ஒரே ஒரு ஆர்டர எடுத்துக்குங்க. நூல், நிட்டிங், டையிங், கட்டிங், பவர் டேபிள் (தைக்கற எடம்), செக்கிங், அயனிங், பேக்கிங், டெஸ்பேட்ச், கடைசில பணம் வர்றது, இத வரிசையா எழுதுங்க. ஒவ்வொன்னுக்கும் நேரா மூணு விசயம்: யார் பாக்கறாங்க, எதுல எழுதி வெக்கறாங்க, அடுத்த ஆளுக்கு எப்படி தெரியுது. மூணாவதுக்கு "போன் போட்டு கேட்டுக்குவோம்"னு பதில் வந்தா அந்த எடத்துல வட்டம் போடுங்க.

பெரும்பாலும் டையிங்குக்கு போன துணிலயும் பவர் டேபிளுக்கு போன பீஸ்லயும்தான் வட்டம் விழும். சரக்கு நம்முளது, இருக்கறது அடுத்தவங்க எடத்துல. 800 பீஸ் அனுப்பிச்சோம்னு நாம சொல்லுவோம், 780 தானுங்க வந்துச்சுன்னு அவங்க சொல்லுவாங்க, ரெண்டு பேர் கிட்டயும் ஒழுங்கான எழுத்து இல்லீன்னா ஒறவுதான் கெட்டுப்போகும்.

படி 2: பில்லிங், அக்கவுண்ட்ஸ்

இதுக்கு மட்டும் மொதல்ல உங்க ஆடிட்டர கேளுங்க. அவரு டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல வேலை பாக்கறவரா இருந்து நீங்க வேறொன்னு எடுத்தா, மாசா மாசம் ரெண்டு பக்கமும் எண்ட்ரி போடற சோலி உங்க தலைல விழும். நீங்க ஊர் ஊரா சுத்தறவங்க, போன்லயே பில் போடணும்னா சோஹோ புக்ஸ் மாதிரி கிளவுட்ல இருக்கறது வசதி, ஆடிட்டரையும் ஒரு யூசரா உள்ள சேத்துக்கலாம்.

எத எடுத்தாலும் இதெல்லாம் இருக்கான்னு பாருங்க: எச்எஸ்என் கோடோட (சரக்கு என்ன வகைன்னு சொல்ற நம்பர்) ஜிஎஸ்டி பில், விற்பனைக் கணக்கு தாக்கல் பண்ண ஜிஎஸ்டிஆர்-1 ரிப்போர்ட், வண்டில சரக்கு அனுப்ப இ-வே பில், அப்பறம் ஜாப் ஒர்க்குக்கு (நம்ம சரக்க வெளிய குடுத்து வேலை செஞ்சு வாங்கறது) டெலிவரி சலான், சுருக்கமா டீசி. இந்த சலான் நம்மூருக்கு ரொம்ப முக்கியமுங்க, ஏன்னா ஜாப் ஒர்க்குக்கு அனுப்பின சரக்கு ஒரு வருசத்துக்குள்ள திரும்ப வரலீன்னா ஜிஎஸ்டி சட்டப்படி அது வித்த மாதிரி ஆயிரும், அதனால எந்த டீசி எந்த தேதில போச்சுன்னு உடனே எடுக்க முடியணும். பிரைவேட் லிமிடெட்டா பதிவு பண்ணியிருந்தா 2023 ஏப்ரல் 1ல இருந்து எடிட் லாக் (எத எப்ப மாத்தினாங்கன்னு தானா பதிஞ்சு வெக்கறது) இருக்கற அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்தான் வெச்சுக்கணும், அத நடுவுல ஆஃப் பண்ணவும் கூடாது. டர்னோவர் 5 கோடிய தாண்டினா இ-இன்வாய்ஸ் (அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்ற பில்) வேணும், இப்ப தேவையில்லீன்னாலும் பின்னாடி அதுக்கு வழி இருக்கான்னு கேட்டு வெச்சுக்குங்க.

படி 3: வட்டம் போட்ட எடத்துக்கு ஒரு சீட்டு

இங்கதான் நெறய பேர் லட்சக்கணக்குல ஈஆர்பி (மொத்த தொழிலையும் ஒரே எடத்துல பாக்கற பெரிய சாஃப்ட்வேர்) வாங்கிர்றாங்க, ஆரம்பத்துல கூகுள் சீட்ஸே தாராளமா போதும். ஒரு டீசிக்கு ஒரு வரி. ஒரே டீசில ரெண்டு கலர், ரெண்டு சைஸ் போனா ஒவ்வொன்னும் தனி வரி. டீசி நம்பர், தேதி, யாருக்கு, ஸ்டைல், கலர், சைஸ், அனுப்பினது, திரும்ப வந்தது, டேமேஜ், பாக்கி. பாக்கி மட்டும் ஃபார்முலால வரட்டும், யாரும் கையால அடிக்க வேண்டாம். டையிங்குக்கு தனி சீட்டு போடுங்க, ஏன்னா அங்க கணக்கு கிலோல, பிராசஸ் லாஸ் (சாயம் போடறப்ப கொறையற எடை) வேற இருக்கும், பீஸ் கணக்கோட கலந்தா ரெண்டுமே தப்பாயிரும். வண்டில சரக்கு எறக்கற தம்பி போன்லயே போடற மாதிரி கூகுள் ஃபார்ம் ஒன்னு குடுத்தா அது நேரா சீட்டுல வந்து விழும், சீட்டுல யார் எத மாத்தினாங்கன்னு வெர்ஷன் ஹிஸ்டரில பாத்துக்கலாம்.

படி 4: வாட்ஸ்ஆப், மெயில்

கம்பெனி பேர்ல ஒரு சிம் வாங்கி அதுல வாட்ஸ்ஆப் பிசினஸ் போடுங்க. ஆப் இலவசம், லேபிள் போட்டு புது ஆர்டர், பணம் பாக்கின்னு பிரிச்சு வெக்கலாம். ஒருத்தரோட சொந்த நம்பர்ல வேண்டவே வேண்டாம், அவர் வேலைய விட்டா கஸ்டமரும் கூடவே போயிருவாங்க. மெயிலுக்கும் வெப்சைட்டுக்கும் கம்பெனி பேர்ல டொமைன் (இன்டர்நெட் முகவரி) வாங்கினா அதோட லாகின் உங்க கைல இருக்கட்டும், வெப்சைட் செஞ்சு குடுத்தவர் கைல இல்ல.

படி 5: காசு கட்டறதுக்கு முன்னாடி

ட்ரையல்ல அவங்க குடுக்கற சாம்பிள் டேட்டாவ வெச்சு பாக்காதீங்க. உங்க போன வார கணக்க அப்படியே போடுங்க, ரிட்டர்ன் வந்தது, பாதி அட்வான்ஸ் வாங்கினது, ரேட்டு மாறினது எல்லாம் சேத்து. தடுமாறுச்சுன்னா அங்கதான் தடுமாறும்.

அப்பறம் எக்ஸ்போர்ட் பட்டன தேடுங்க. கஸ்டமர் லிஸ்ட், ஸ்டாக், லெட்ஜர் மூணும் எக்செல்லாவோ சிஎஸ்வியாவோ வெளிய வருதா? வரலீன்னா எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரா இருந்தாலும் விட்ருங்க. ஆளுக்கு மாசத்துக்கு இவ்வளவுன்னு வெல சொன்னா, எத்தன பேரு, பன்னண்டு மாசம், 18% ஜிஎஸ்டி எல்லாம் போட்டு வருசக் கணக்கா எழுதி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அத தெனமும் தொடப்போறவங்க கைல குடுத்தும் பாருங்க. செக்கிங்ல இருக்கற அக்கா ஒருவாட்டி சொல்லிக் குடுத்ததுக்கு அப்பறம் தானா எண்ட்ரி போட்டாங்கன்னா அந்த டூல் நெலச்சு நிக்கும், அவங்களுக்கு வரலீன்னா அது அவங்க கொற இல்லீங்க, வேற பாருங்க.

படி 6: எப்ப பெருசுக்கு மாறறது

ஒரே எண்ணிக்கைய மூணு எடத்துல அடிக்க வேண்டி வந்தா, இல்ல பாக்கி எவ்வளவுன்னு தேட அர நாள் ஆனா, அப்ப ஈஆர்பி பாருங்க. டெமோவுக்கு வர்றவங்க கிட்ட உங்க டீசி சீட்ட குடுத்து, இத அப்படியே உள்ள ஏத்தி டையிங்ல எவ்வளவு பாக்கின்னு இப்பவே காட்டுங்கன்னு கேளுங்க.